எட்டு அங்கணத்தில் ஐந்து: ஒரு தோட்டத்துச் சாளையின் கதை

2021 ஐப்பசி, கார்த்திகை மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தாராபுரத்துக்கு மேற்கே, அமராவதித் தண்ணீர் எட்டாத மேட்டாங்காடு எங்களுடையது. மழை வந்தால் சந்தோஷப்படுகிற ஊர். அந்த வருடம் சந்தோஷம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒரு விடியற்காலை, தோட்டத்துச் சாளையின் (தானியமும் மாடும் இருக்கிற ஓட்டுக் கொட்டகையின்) கிழக்குச் சுவர் வடக்குக் கோடியில் ஒன்பதடி நீளத்துக்கு அப்படியே சரிந்து விழுந்தது. உள்ளே கட்டுத்தரையில் இரண்டு காங்கேயம் மாடுகள். சுவர் வெளிப்பக்கம் விழுந்ததால் பிழைத்தன. அப்பா போன் செய்து, “சாளை போச்சு அம்மணி” என்று மட்டும் சொன்னார்.

எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மிச்சத்தை வைத்து என்ன செய்யலாம் என்று முடிவுக்கு வர எங்களுக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. கணக்கு எழுதுவது என் தொழில். அந்த நாட்களில் அளந்தது, எண்ணியது, கேட்டது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இதே மாதிரி ஓட்டுச் சாளையை வைத்துக்கொண்டு இடிப்பதா, விடுவதா என்று தவிக்கிற பல குடும்பங்களை எனக்குத் தெரியும் என்பதால் அந்த நோட்டைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

கட்டடம் எப்படிப்பட்டது

தெற்கு வடக்காக 72 அடி நீளம், உள் அகலம் 18 அடி. ஒன்பதடிக்கு ஒன்றாக எட்டு அங்கணம், அதாவது எட்டுப் பகுதி. அடியில் கருங்கல் கட்டு, அதன் மேல் ஒன்றரை அடி கனத்துக்கு மண் சுவர், மேலே பனங்கை (சாய்வாக நிற்கும் பனைமரச் சட்டம்), அதன் குறுக்கே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், மங்களூர் ஓடு. தெற்கே ஐந்து அங்கணம் தானியமும் மாட்டுத் தீவனமான சோளத் தட்டும் ஏர்ச்சாமானும் வைக்கிற இடம். வடக்கே மூன்று அங்கணம் கட்டுத்தரை.

அப்பாரு, அதாவது தாத்தா, கட்டியது. எந்த வருடம் என்று சொல்ல இப்போது ஆளில்லை. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் பேசல் மிஷன் முத்திரை, பெரும்பாலானவற்றில் காமன்வெல்த் முத்திரை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனான பேசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். முதல் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. அப்படியானால் இந்தக் கூரை அந்தப் போருக்குப் பிறகு ஏறியிருக்க வேண்டும். மிஷன் ஓடுகள் வேறெங்கோ பிரித்த கூரையிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஓடு ஊர் மாறும், கூரை மாறும். அதை மட்டும் வைத்துக் கட்டடத்துக்கு வயது சொல்லக் கூடாது.

ஆளுக்கொரு பேச்சு

2022 தைப் பொங்கலுக்கு எல்லோரும் தோட்டத்தில் கூடினோம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிற தம்பி கணக்கோடு வந்திருந்தான். “முழுசா இடிச்சுட்டு ஷீட் போட்டுரலாங்க்கா. ஒரே செலவு, ஒரே வேலை.” பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் அதற்குள் வந்து பார்த்துவிட்டு, ஓடு, பனங்கை, வாசல் நிலை, கதவு எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் தருவதாகவும், பிரித்து எடுப்பது தன் பொறுப்பு என்றும் சொல்லியிருந்தார். பட்டா கூட்டுப் பட்டா. அத்தைக்கும் பங்கு உண்டு, அவர் சம்மதம் இல்லாமல் ஒரு ஓட்டைக்கூட விற்க முடியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பட்டுப்புழு வளர்க்கச் சொன்னார். ஒரு சொந்தக்காரர், கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி மாற்றலாம் என்றார். அப்பா எதுவும் சொல்லவில்லை.

நான் முழுதாகப் புதுப்பிக்க வேண்டும் என்ற பக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் இருக்கும் நெற்களஞ்சியத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை. செங்கல்லும் சுண்ணாம்புமாக வட்டமாக எழுப்பி, மேலே கூம்பாகக் குவித்த நாயக்கர் காலத்துக் கட்டடம். 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். அதற்குத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. எங்கள் சாளைக்கு வருடா வருடம் ஏறி ஓடு மாற்றுகிற ஒரு ஆள்தான் காவல், அந்த ஆள் ஏறுவதை நிறுத்திப் பத்து வருடம் ஆகியிருந்தது. அந்த வித்தியாசத்தை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

பட்டுப்புழு யோசனையை அன்றைக்கே விட்டோம். புழு மனையில் 24 முதல் 28 டிகிரி வெப்பம், 70க்கு மேல் ஈரப்பதம் வேண்டும். மண் சுவர் அதற்கு ஓரளவு ஒத்து வரும். ஆனால் ஒரு தொகுதிப் புழுவுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மனையை மருந்து போட்டுக் கழுவ வேண்டும், புழுவைத் தாக்கும் ஊசி ஈ நுழையாமல் அடைக்க வேண்டும். இடுக்கும் பொந்துமாக இருக்கிற சாளையில் அது நடக்காது. விருந்தாளிகளைத் தங்க வைப்பதென்றால் அந்த வேலையைப் பார்க்கத் தோட்டத்தில் ஒருவர் முழுநேரமும் வேண்டும். அப்படி யாரும் இல்லை.

அத்தை கேட்டது

அன்று சாயங்காலம் அத்தை கிழக்குச் சுவரை ஒட்டியே கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். வந்து அப்பாவிடம் கேட்டார்: “ஏந்தம்பி, நாம உக்காந்து தாயம் ஆடுன கல்லு எங்க?”

எங்களுக்குப் புரியவில்லை. கல் கட்டு அந்தக் காலத்தில் இடுப்புக்குச் சற்றுத் தாழ இருந்ததாம். அதில் கிழக்குப் பக்கம் திண்ணை மாதிரி ஒரு கல் வரிசை நீட்டிக்கொண்டிருக்குமாம். நாங்கள் பார்த்தவரை வெளியே தெரிகிற கல் கட்டு பத்து அங்குலம்தான். தம்பி மண்வெட்டி எடுத்து வந்தான். நாலு விரற்கடை வெட்டியதும் டங்கென்று இடித்தது. கையால் மண்ணை ஒதுக்கினோம். அகலமான கல், உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. அத்தை குனிந்து முந்தானையால் துடைத்தார். அதில் கம்பியால் கீறிய தாயக்கட்டம், ஒரு மூலை மட்டும் தேய்ந்து, அப்படியே இருந்தது.

மேலும் வெட்டிப் பார்த்தோம். பழைய தரைமட்டம் இப்போதைய தரைக்கு 20 அங்குலம் கீழே இருந்தது. ஐம்பது அறுபது வருடத்துச் சாணி, சாம்பல், கூட்டித் தள்ளிய குப்பை, பிறகு டிராக்டர் வரட்டும் என்று கொட்டிய கிராவல் எல்லாம் சேர்ந்து தரையை உயர்த்தியிருந்தன. அப்பாரு இரண்டரை அடிக்குக் கல் வைத்துக் கட்டியது, மழைத்தண்ணீரும் தெறிப்பும் மண் சுவரைத் தொடக் கூடாது என்பதற்காக. அந்தக் கல்லில் மூன்றில் இரண்டு பங்கை நாங்கள் எங்களுக்கே தெரியாமல் புதைத்துவிட்டோம். தாழ்வாரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் தரையில் பட்டுத் தெறித்தால் ஒரு அடிக்கு மேல் எழும்பும். எத்தனையோ வருடமாக அது நேராக மண் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை மேலே பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுற்றியிருக்கும் தரையைப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு போய் நடக்க விடுங்கள்.

சுவர், மரம், ஓடு

தரைக்கு அடுத்த தவறு சிமெண்ட். 2001 வாக்கில் வெளிச்சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது அப்பா சிமெண்ட் பூசினார். அன்றைக்கு ஊரே அதைத்தான் செய்தது. மண் சுவர் கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் ஈரத்தை இழுக்கும், வெயில் ஏறியதும் சுண்ணாம்பு வழியாக வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. மழை நின்று வெகுநாள் ஆன பிறகு, தை மாதத்தில், தெற்குப் பக்கம் ஒரு முழம் சதுரத்துக்குச் சிமெண்டை உளியால் எடுத்துப் பார்த்தோம். பின்னாலிருந்த மண்ணை எடுத்துக் கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது. அதே சுவரின் உள்பக்கம், பழைய சுண்ணாம்பு இருந்த இடம், காய்ந்து கெட்டியாக இருந்தது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பொறியாளரைக் கோயம்புத்தூரிலிருந்து அழைத்து வந்தோம். தெற்கு ஐந்து அங்கணத்தின் சுவர் தேறும் என்றார். சிமெண்டை எடுத்துக் காயவிட்டால் போதும், கெட்டுப்போன இடத்தைப் பச்சைக்கல் (சுடாத மண்கல்) வைத்து நிரப்பலாம். வடக்கு மூன்றும் தேறாது. அங்கே சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, நகத்தால் கீறினாலே மாவாக உதிர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மாட்டு மூத்திரம் ஊறி ஏறிய உப்பு அது. ஈரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உப்புக் கட்டி உள்ளிருந்தே சுவரை உடைக்கும். மேலே எந்தப் பூச்சு பூசினாலும் தள்ளிவிடும்.

மரத்தைப் பார்க்க ஆசாரி ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். மொத்தம் 50 பனங்கை. ஒவ்வொன்றையும் சுத்தியலின் மரப்பிடியால் நடுவில் ஒரு தட்டு, சுவரில் செருகிய முனையில் ஒரு தட்டு, பிறகு அந்த முனையில் திருப்புளியால் ஒரு குத்து. சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே வந்தார். நல்ல கை ‘ணங்’ என்றது. கரையான் தின்ற கை சாக்கு மூட்டையைத் தட்டினது போல இருந்தது. மேலே பார்க்க எல்லாம் ஒன்றுபோல் கருகருவென்று வைரம் பாய்ந்துதான் தெரிந்தன; கெட்டுப்போனது எல்லாம் மண் சுவருக்குள் மறைந்திருந்த முனைகள். முடிவில் 34 நல்லவை, 10 முனை மட்டும் போனவை, 6 ஆகாதவை. நல்ல ஒன்றைத் தட்டிக் காட்டி, “அம்மணி, இதுக்கு உங்க பேரன் காலத்துல வந்து கேளுங்க” என்றார்.

ஓடு எண்ணுவது என் வேலை. கூரைப் பரப்பு சுமார் 2,000 சதுர அடி. நூறு சதுர அடிக்கு 150 ஓடு என்பது பொதுக் கணக்கு, ஆக 3,000 ஓடு. ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் ஏழரை டன் பாரம் அந்தச் சுவர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உடைந்ததும் விரிந்ததும் ஏறக்குறைய 700. புது ஓடு வாங்கிக் கலக்கலாமே என்று தோன்றும். ஒரு தொழிற்சாலை ஓட்டின் பள்ளமும் மேடும் இன்னொன்றில் சரியாக உட்காராது, இடுக்கு விடும், ஒழுகும். நாலைந்து கடைகளில் புது ஓடு வாங்கி வந்து அடுக்கிப் பார்த்தோம். ஒன்றும் சேரவில்லை. எங்கள் ஓட்டுக்குப் பொருந்துகிற ஓடு எங்கள் கூரையில்தான் இருந்தது.

முடிவு அங்கிருந்துதான் வந்தது. ஐந்து அங்கணத்துக்கு 1,900 ஓடு போதும்; நல்ல ஓடு 2,300 இருக்கிறது. ஐந்து அங்கணத்துக்கு 32 பனங்கை, நல்லவை 34. வடக்கு மூன்றைப் பிரித்துத் தெற்கு ஐந்தைக் காப்பாற்றலாம். முழுதையும் காப்பாற்ற நினைத்தால் ஓடும் போதாது, கையும் போதாது, சுவரும் நிற்காது.

இடத்தையும் அளந்தோம். உள்ளே இருந்த எல்லாவற்றையும் களத்தில் எடுத்துப் போட்டு, வேண்டியதை மட்டும் அடுக்கி டேப் பிடித்தோம். தேங்காய், தட்டு, சொட்டுநீர்க் குழாய், மருந்தடிக்கும் சாமான் எல்லாம் நாலு அங்கணத்தில் அடங்கின. ஐந்தாவது அப்பாவின் கயிற்றுக் கட்டிலுக்கு.

பணம்

எட்டையும் சரிசெய்யப் பொறியாளர் போட்ட மதிப்பு 7,20,000. அதே அளவுக்கு ஷீட் கொட்டகை 6,40,000, வியாபாரி தரும் பணத்தைக் கழித்தால் 5,30,000. ஐந்து அங்கணத் திட்டம் 3,25,000.

தம்பி விடவில்லை. “ஐந்து அங்கண அளவுக்கு ஷீட் போட்டா 3,60,000. பழைய சாமான் வித்த காசைக் கழிச்சா ரெண்டரை லட்சம்தானே வருது?” என்றான். அவன் சொன்னது சரி. கட்டடத்துக்காக நாங்கள் ஏறக்குறைய முக்கால் லட்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதைக் கணக்கில் மறைக்க எனக்கு மனமில்லை. சித்திரையில் ஷீட்டுக்குக் கீழே ஒரு மணி நேரம் நிற்க முடியாது; ஒன்றரை அடி மண் சுவருக்குள் மத்தியானம் படுத்துத் தூங்கலாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படிப்பட்டது என்பதற்கு எங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளே சாட்சி. ஷீட்டுக்குக் கம்பியும் போல்ட்டும்தான் பிடிப்பு, ஓட்டுக் கூரைக்கு அதன் பாரமே பிடிப்பு. இவை காரணங்கள். ஆனால் 74 வயதில் அப்பா அந்த இடத்தில் தன் பகலைக் கழிக்கிறார் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். அதைச் சொன்ன பிறகு தம்பி தன் பங்குக்கு ஒரு லட்சம் போட்டான். அத்தை சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாயக்கல் மறுபடி வெளியே தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

வேலை

மாசியில் தொடங்கினோம். முதலில் மின்சாரம். கிணற்று மோட்டாரின் மீட்டரும் சுவிட்ச் பலகையும் வடக்குச் சுவரில் இருந்தன. இலவச சர்வீஸ் என்பதால் நம் இஷ்டத்துக்குக் கழற்றி வைக்க முடியாது, மனு கொடுத்துத்தான் இடம் மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு இடிக்கத் தொடங்கினால் பாதியில் பாசனம் நின்றுவிடும்.

பிறகு மேற்குச் சாய்ப்பில் தொண்ணூறுகளில் போட்ட 12 அஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள். எந்த வகை அஸ்பெஸ்டாஸாக இருந்தாலும் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. உடைக்காமல், தண்ணீர் தெளித்துக்கொண்டே, போல்ட்டைக் கழற்றி முழுசு முழுசாக இறக்கினோம். வேலையாட்கள் முகக்கவசம் போட்டார்கள். நல்ல ஷீட்தானே, கொடுங்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கனமான தார்ப்பாயில் சுற்றிக் கட்டிக் கோடியில் வைத்திருக்கிறோம். அதற்கு இன்னும் ஒரு நல்ல வழி தேட வேண்டும்.

ஓடு இறக்கும்போது ஆசாரி ஒரே ஒரு கட்டளை போட்டார்: கிழக்கே ஒரு வரிசை என்றால் மேற்கே ஒரு வரிசை. ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறு பக்கத்துப் பாரம் கூரையைத் தள்ளிச் சுவரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். ஐந்தாவது அங்கணத்தின் உத்திரத்துக்கு முன்கூட்டியே முட்டுக் கொடுத்தோம். வடக்கு மூன்றும் நாலு நாளில் இறங்கின. உப்பு ஏறிய சுவர் மண்ணை மறுபடி கட்டுவதற்குத் தொடவில்லை. பழஞ்சுவர் மண் நல்ல எரு, தென்னைக்குப் போட்டோம். அங்கிருந்து வந்த கல்லை வைத்துப் புது வடக்குச் சுவரை மூன்றடிக்கு எழுப்பி, அதற்கு மேல் நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினோம்.

தரையைக் குறைப்பது ஐந்து நாள் வேலை. கிழக்கிலும் மேற்கிலும் 20 அங்குலம் வெட்டி, சுவரிலிருந்து விலகி ஓடுகிற மாதிரிச் சரிவு கொடுத்தோம். தாயக்கல் முழு நீளத்துக்கும் வெளியே வந்தது.

சுண்ணாம்புப் பூச்சில் ஒரு தப்பு செய்தோம். பங்குனி வெயிலில் பூசி, ஒரு நாள் மட்டும் தண்ணீர் தெளித்துவிட்டு விட்டுவிட்டோம். மேற்குச் சுவர் முழுக்க வலை வலையாக வெடித்தது. சுண்ணாம்பு மெதுவாக இறுக வேண்டியது. சுரண்டி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீர் கலந்து மறுபடி பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காத்தோம். அந்த ஒரு தப்புக்கு மட்டும் 26,000 ரூபாய். மொத்தச் செலவு 3,68,000இல் முடிந்தது.

மேற்கு ஓரத்தில் கடைசி இரண்டு வரிசை ஓட்டையும் கம்பி போட்டு ரீப்பரில் கட்டச் சொன்னார் பொறியாளர். மங்களூர் ஓட்டின் அடியில் அதற்கென்றே துளையுள்ள ஒரு காது இருக்கிறது. பழைய கூரையில் யாரும் அதைப் பயன்படுத்தியிருக்கவில்லை. முனை போன 10 பனங்கையும் அறுத்து மேற்குச் சாய்ப்புக்கு ஆனது. வடக்கே காலியான இடத்தில் கட்டுத்தரையின் கல் பாவிய தரையை அப்படியே விட்டுக் கழுவிச் சுத்தம் செய்தோம், இப்போது தேங்காய்ப் பருப்பு காய்கிற களம் அதுதான். மாடுகள் வேப்பமரத்தடியில் தனிக் கொட்டகைக்குப் போயின.

இப்போது

முதல் ஆடிக் காற்றில் முகட்டு ஓடு இரண்டு நகர்ந்தது, மேற்கு ஓரத்தில் ஒன்றும் அசையவில்லை. மூன்று ஐப்பசி மழை பார்த்தாயிற்று. தெற்குச் சுவரில் நாங்கள் சிமெண்ட் எடுத்துப் பார்த்த அதே முழம் சதுரத்தில் வருடம் ஒருமுறை பூச்சைக் கொஞ்சம் கீறி மண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன். இரண்டாம் வருடமே உருண்டை பிடிக்க முடியவில்லை, பொடியாகத்தான் உதிர்ந்தது.

தரை மறுபடி உயரத்தான் பார்க்கிறது. சரிந்து வருகிற மண்ணைச் சித்திரையில் ஒரு ஆள் விட்டு வாரி எடுக்கிறோம். ஆனி பிறந்ததும் ஆசாரி தன் மகனோடு வந்து கூரையில் ஏறுகிறார். அவர் ஏறுவதை அப்பா தாயக்கல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். உபரியாக 400 ஓடு அடுக்கி வைத்திருந்தோம். போன ஆனியில் எண்ணியபோது 371 இருந்தது.